தணலுக்குக் கடிவாளம் போட்ட டச்சுக்காரர்

டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பொறியியல் படித்த காலத்தில் என் தேர்வுகளில் பாதிக்கு மேல் ஒரே கட்டடத்தில்தான் நடந்தன. கொர்நேலிஸ் டிரெபல்வெக் என்ற சாலையில் இருக்கும் தேர்வுக்கூடம் அது. வெக் என்றால் டச்சு மொழியில் சாலை. மாணவர்கள் கட்டடத்தையும் டிரெபல்வெக் என்றே சொல்வார்கள். நாளைக் காலை டிரெபல்வெக்கில் பரீட்சை என்றால் முந்தின இரவே வயிற்றைக் கலக்கும். ஒரு ஜனவரிக் காலையில் விரல்கள் விறைக்க சைக்கிள் மிதித்துப் போய்க் கட்டுப்பாட்டியல் பரீட்சையை அங்கேதான் எழுதினேன். ஓர் அறையின் வெப்பநிலையை ஒரே அளவில் நிறுத்தி வைப்பது எப்படி என்று ஒரு கேள்வி. பக்கம் பக்கமாகச் சமன்பாடுகள் எழுதிவிட்டு வெளியே வந்தேன். சாலைப் பெயர்ப்பலகையில் இருந்த அந்த மனிதர் யார் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

எட்டு வருடம் கழித்து என்னை யோசிக்க வைத்தது இட்லி மாவு.

குளிர் நாட்டில் மாவு பொங்காத துயரத்தைப் புலம்பெயர்ந்த தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டுப் பார்த்தோம். ரேடியேட்டர் மேல் வைத்துப் பார்த்தோம். ஒரு நாள் கல்லாக இருக்கும், மறுநாள் புளித்துக் காடியாக இருக்கும். இரண்டு குளிர்காலம் தோற்ற பிறகு என்னுள் தூங்கிக்கொண்டிருந்த பொறியாளன் விழித்துக்கொண்டான். ஒரு தெர்மகோல் பெட்டி, 40 வாட் சூடேற்றும் தகடு, ஒரு வெப்ப உணரி, ஏடிமெகா 328 என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர். பெட்டிக்குள் 30 டிகிரி செல்சியஸ் நிலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பரீட்சையில் எழுதிய அதே கணக்கு. நிரல் எழுத உட்கார்ந்தபோது, இந்தக் காரியத்தை உலகில் முதலில் செய்தவர் யார் என்று ஒரு கேள்வி எழுந்தது. தேடிப் போனால் டிரெபல்வெக்கில் போய் நின்றேன்!

* * *

கொர்நேலிஸ் டிரெபல் 1572ல் ஹாலந்தின் வட பகுதியில் உள்ள அல்க்மார் என்ற ஊரில் பிறந்தார். இன்று சுற்றுலாப் பயணிகள் பாலாடைக்கட்டிச் சந்தை பார்க்கப் போகும் ஊர். அவர் பிறந்த மறுவருடம் ஸ்பானியப் படை அந்த ஊரை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது. டச்சு விடுதலைப் போரில் அது ஒரு திருப்புமுனை. அவருடைய குடும்பம் அனபாப்டிஸ்ட் கிறித்தவர்கள். பல்கலைக்கழகப் படிப்பு அவருக்குக் கிடையாது. பெரும் கல்விமான்களோடு பழகிய பிற்காலத்திலும் அவர் ஒரு கைவினைஞராகத்தான் அறியப்பட்டார்.

இளவயதில் ஹார்லம் நகருக்குப் போய் ஹென்டிரிக் ஹோல்ட்சியஸ் என்ற ஓவியரிடம் செப்புத் தகட்டில் செதுக்கி அச்செடுக்கும் கலையைக் கற்றார். ஹோல்ட்சியஸ் அந்தக் காலத்து ஐரோப்பாவின் மிகப் பெரிய செதுக்கோவியர்களில் ஒருவர். அவர் குழந்தையாக இருந்தபோது நெருப்பில் விழுந்து வலது கை கருகி, விரல்கள் மடங்கிப் போய்விட்டன. அந்தக் கையாலேயே உளி பிடித்துப் புகழ் பெற்றார். அந்தக் கையையே 1588ல் ஓவியமாகவும் வரைந்தார். ஹோல்ட்சியஸுக்கு ரசவாதத்திலும் ஆசை உண்டு. உலோகத்தைக் காய்ச்சுவது, உப்புகளை வடிப்பது, இரவெல்லாம் உலை முன்னால் காத்திருப்பது எல்லாம் சீடனுக்கும் தொற்றிக்கொண்டன என்று நினைக்கிறேன். நெருப்பு என்ன செய்யும் என்பதை ஆசிரியரின் கையிலேயே தினமும் பார்த்த ஒருவர், பின்னாளில் நெருப்பை அடக்கும் கருவியைச் செய்தார் என்பது தற்செயல்தான். ஆனாலும் என்னால் அதை மறக்க முடியவில்லை.

1595ல் ஹோல்ட்சியஸின் தங்கை சோபியாவை மணந்துகொண்டு டிரெபல் அல்க்மாருக்குத் திரும்பினார். 1597ல் தன் ஊரின் வரைபடத்தைச் செதுக்கி வெளியிட்டார். 1598ல் நீர் இறைக்கும் அமைப்புக்கும், தானாக ஓடும் ஒரு கடிகாரத்துக்கும் காப்புரிமை வாங்கினார். பிறகு மிடல்பர்க் நகரில் ஒரு நீரூற்று அமைத்தார். 1602ல் புகைபோக்கி ஒன்றுக்குக் காப்புரிமை. நீர், காற்று, நெருப்பு, புகை என்று அவர் வாழ்க்கை முழுக்க இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. இயற்கையின் மூலப்பொருட்களைப் பற்றி ஒரு சிறு நூலும் எழுதினார். வெப்பத்தால் காற்று விரிவதும், குளிரால் சுருங்குவதும் அவரை விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம்.

* * *

1604 அல்லது 1605 வாக்கில் டிரெபல் குடும்பத்தோடு இங்கிலாந்து போனார். அப்போது அரியணையில் இருந்தவர் முதலாம் ஜேம்ஸ். மூத்த இளவரசர் ஹென்றிக்குப் புதுமைகளில் பெரிய ஆர்வம். எல்தம் அரண்மனையில் டிரெபலுக்கு இடம் கிடைத்தது. அங்கே அவர் காட்டிய நிரந்தர இயக்கக் கருவி லண்டனையே பேச வைத்தது. ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் நீர், கடல் போல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நாடக ஆசிரியர் பென் ஜான்சன் 1609ல் எழுதிய நகைச்சுவை நாடகம் ஒன்றில்கூட அந்த எல்தம் கருவி வந்துவிட்டது.

நிரந்தர இயக்கம் சாத்தியமில்லை என்று நாம் பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஆகவே ஏமாற்று வேலை என்று தள்ளிவிடத் தோன்றும். அது முழு நியாயமில்லை. காற்றின் வெப்பமும் அழுத்தமும் நாள் முழுக்க மாறுவதால்தான் அந்த நீர் அசைந்தது. வெளியிலிருந்து ஆற்றல் வந்துகொண்டே இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. வேறு வார்த்தையில் சொன்னால் அது ஒரு வெப்பமானி. அறையின் சூடு மாறினால் அசைகிற ஒரு பொருள் அவர் கைக்கு வந்துவிட்டது. அந்த அசைவைக் கொண்டு வேறு என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு அவர் பல வருடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தார்.

அவர் புகழ் பிராகா நகர் வரை எட்டியது. ரசவாதிகளையும் வானியலாளர்களையும் ஆதரித்த பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் அவரை அழைத்தார். 1610ல் டிரெபல் பிராகா போனார். நேரம் சரியில்லை. 1611ல் ருடால்ஃபின் தம்பி மத்தியாஸ் அண்ணனின் அதிகாரத்தைப் பறித்தார். பழைய பேரரசரின் ஆட்களுக்கு வந்த கெட்ட காலம் டிரெபலையும் விடவில்லை. சுமார் ஒரு வருடம் சிறையில் கிடந்தார். 1612 ஜனவரியில் ருடால்ஃப் இறந்தார். அதே வருட நவம்பரில் லண்டனில் இளவரசர் ஹென்றியும் 18 வயதில் காய்ச்சலில் இறந்தார். 1613ல் டிரெபல் விடுதலையாகி லண்டன் திரும்பியபோது இரண்டு ஊரிலும் அவருக்கு ஆதரவாளர்கள் போய்விட்டிருந்தார்கள்.

விசாவையும் வேலையையும் ஒரே நிறுவனத்தின் கையில் கொடுத்துவிட்டு அந்நிய ஊரில் வாழ்ந்தவர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் புரியும். அவருக்கு நாற்பது வயது, கையில் தொழில் உண்டு, கேட்பார் இல்லை. மறுபடியும் ஆரம்பத்திலிருந்து தொடங்கினார்.

* * *

அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் அவர் செய்தவற்றைப் பட்டியலிட்டால் ஒரே ஆளா என்று சந்தேகம் வரும்.

இரண்டு குவி வில்லைகள் வைத்த நுண்நோக்கிகளைச் செய்தார். அவை பாரிஸுக்கும் ரோமுக்கும் போயின. டச்சுக் கவிஞரும் அரச தூதருமான கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸ் 1620களின் தொடக்கத்தில் லண்டனில் அவரைச் சந்தித்து அந்தக் கருவி வழியாகப் பார்த்து வியந்தார். டிரெபல் மந்திரவாதி என்று பேச்சு அடிபட்டதால், மகன் அவரோடு பழகுவதை ஹைகன்ஸின் பெற்றோர் விரும்பவில்லை. ஆனால் ஹைகன்ஸ் கண்டது ஹாலந்துக் குடியானவர் போலத் தோற்றம் கொண்ட, ஞானி போலப் பேசிய ஒரு மனிதரை.

1620ல் தேம்ஸ் நதியில் நீருக்கடியில் போகும் படகு ஒன்றை ஓட்டினார். மரச்சட்டத்தின் மேல் எண்ணெய் தோய்த்த தோல் போர்த்திய துடுப்புப் படகு. 1624க்குள் இன்னும் பெரிதாக இரண்டு. முழுக்க மூழ்கியதா, பாதி மூழ்கி ஆற்றின் ஓட்டத்தோடு போனதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உள்ளே இருந்தவர்களின் மூச்சுக்காற்றைப் புதுப்பிக்க ஏதோ ஒரு திரவம் வைத்திருந்தார் என்று பல பத்தாண்டுகள் கழித்து ராபர்ட் பாயில் எழுதினார். வெடியுப்பைச் சூடாக்கினால் வெளிவரும் வாயுவைத்தான் டிரெபல் பயன்படுத்தியிருப்பார் என்பது ஒரு ஊகம். இன்று நாம் அதை ஆக்ஸிஜன் என்கிறோம்.

சாயத்தின் கதை இன்னும் சுவையானது. காக்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பு நீரை ஒரு வெப்பமானிக்காக ஜன்னலோரம் வைத்திருந்தாராம். மேலே இருந்த அமிலப் புட்டி உடைந்து, ஜன்னல் சட்டத்தின் வெள்ளீயத்தைக் கரைத்துக்கொண்டு அந்த நீரில் விழுந்ததாம். மங்கலான சிவப்பு பளீரென்ற செந்நிறமாக மாறியது. கதை உண்மையோ இல்லையோ, வெள்ளீயத்தால் காக்சினீல் சாயம் துணியில் பளிச்சென்று நிற்கும் என்ற வேதியியல் உண்மை. அதை வைத்து அவருடைய மருமகன்களான குஃப்லர் சகோதரர்கள் லண்டனுக்குக் கிழக்கே போ என்ற இடத்தில் சாயத் தொழில் நடத்தினார்கள்.

* * *

இனி நான் தேடி வந்த உலைக்கு வருகிறேன்.

ரசவாதிக்குப் பெரிய தலைவலி நெருப்பு. பொருள்களை நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஒரே சூட்டில் வைத்திருக்க வேண்டும். விறகும் கரியும் எரிவது அப்படியில்லை. ஒரு உதவியாளர் இரவெல்லாம் கண்விழித்துத் துருத்தியும் கரியுமாகக் காவல் இருக்க வேண்டும். அவர் கண்ணயர்ந்தால் ஒரு மாத உழைப்பு போச்சு. கோழிமுட்டையைச் செயற்கையாகப் பொரிக்க நினைத்தாலும் அதே கதைதான். 21 நாள், கிட்டத்தட்ட 38 டிகிரி. இரண்டு மூன்று டிகிரி கூடிப்போய் அப்படியே நின்றால் உள்ளே இருக்கும் உயிர் போய்விடும்.

டிரெபல் செய்த உலை ஒரு பெட்டி. அடியில் நெருப்பு. அதற்கு மேல் இரட்டைச் சுவர் கொண்ட உள்பெட்டி, சுவர்களுக்கு நடுவே தண்ணீர். நெருப்பின் சூடான புகை உள்பெட்டியைச் சுற்றி மேலே ஏறி, உச்சியில் ஒரு துவாரம் வழியாக வெளியேறும். தண்ணீருக்குள் ஒரு கண்ணாடிக் கலம். அதில் சாராயம், அதை அடைத்து நிற்கும் பாதரசம். தண்ணீர் சூடானால் சாராயம் விரியும். பாதரசம் குழாயில் மேலே ஏறும். பாதரசத்தின் மேல் மிதக்கும் ஒரு தண்டு உயர்ந்து, ஒரு நெம்புகோலைத் தள்ளி, உச்சியில் உள்ள துவாரத்தின் மூடியைச் சாத்தும். புகை வெளியேற வழி குறைந்தால் கீழே நெருப்புக்குக் காற்று குறையும். தணல் அடங்கும். ஆறினால் எல்லாம் தலைகீழாக நடக்கும், மூடி திறக்கும், தணல் மறுபடி கனலும்.

இதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஒரே அளவு வெப்பத்துக்குச் சாராயம் பாதரசத்தைவிட ஆறு மடங்கு விரியும், ஆகவே உணர்வதற்குச் சாராயம். பாதரசம் கனமானது, தண்டைத் தூக்க வல்லது, ஆகவே தள்ளுவதற்குப் பாதரசம். நெருப்பின் சடுதியான ஏற்ற இறக்கம் முட்டையைத் தொடாமலிருக்க நடுவே தண்ணீர். தண்டின் நீளத்தை மாற்ற ஒரு திருகு. அந்தத் திருகைத் திருப்பி எவ்வளவு சூடு வேண்டும் என்பதை வைத்துக்கொள்ளலாம்.

என்னை மலைக்க வைத்தது இன்னொன்று. அந்தக் காலத்தில் டிகிரி என்ற அளவே புழக்கத்தில் இல்லை. ஃபாரன்ஹீட் தன் அளவுகோலை வெளியிட்டது 1724ல். டிரெபலுக்கு வெப்பநிலை என்பது ஓர் எண்ணே அல்ல. இருந்தும் அதைக் கட்டுப்படுத்தினார். எண் தேவையில்லை, சூட்டோடு சேர்ந்து அசையும் ஒரு பொருளும், அந்த அசைவு நெருப்பைத் திருப்பித் தொடும் ஒரு வழியும் போதும். விளைவைக் காரணத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் இந்த வளையத்தைத்தான் பின்னூட்டம் என்கிறோம். பழங்கால அலெக்சாண்டிரியாவின் நீர்க்கடிகாரங்களில் மிதவையால் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தும் வழி இருந்தது. நவீன ஐரோப்பாவில் முன்னோர் எவரையும் பார்க்காமல் உருவான முதல் பின்னூட்டக் கருவி டிரெபலின் உலைதான் என்று தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் ஓட்டோ மேயர் 1969ல் ஜெர்மனில் வெளியிட்ட தன் ஆய்வில் நிறுவினார்.

* * *

என் பெட்டிக்கு நான் முதலில் எழுதிய நிரலும் டிரெபலின் உலை மாதிரிதான். குறை எவ்வளவோ, அதற்குத் தக்கபடி சூடு. 30 டிகிரிக்கு ஒரு டிகிரி குறைந்தால் தகட்டுக்கு 20 சதவீத மின்சாரம், இரண்டு டிகிரி குறைந்தால் 40 சதவீதம். இதை விகிதக் கட்டுப்பாடு என்பார்கள். ஓடவிட்டுவிட்டுப் பார்த்தால் 27.6 டிகிரியில் போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏறவே இல்லை!

நிரலில் பிழை இல்லை. சமையலறை 18 டிகிரி. ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் பெட்டி 2 வாட் வெப்பத்தை வெளியே இழக்கிறது. 30ல் நிற்க வேண்டுமென்றால் தொடர்ந்து 24 வாட் தேவை, அதாவது 60 சதவீதம். ஆனால் 30ஐத் தொட்டுவிட்டால் குறை பூஜ்யம், என் நிரல் கொடுக்கும் மின்சாரமும் பூஜ்யம். ஆகவே எங்கோ கீழே, இழப்பும் வரவும் சமமாகும் இடத்தில் அது நிம்மதியாக உட்கார்ந்துவிடும். 27.6ல் குறை 2.4 டிகிரி, மின்சாரம் 48 சதவீதம், அதாவது 19.2 வாட். இழப்பும் அதே 19.2 வாட். இரவில் சமையலறை 14 டிகிரிக்கு இறங்கினால் பெட்டி 26.8க்கு இறங்கும். குறையே இல்லாவிட்டால் வேலை செய்யாத ஆள் மாதிரி, இந்த முறைக்கு உயிர் வாழவே கொஞ்சம் குறை வேண்டும்.

டிரெபலின் உலைக்கும் இதே விதிதான். மூடி கொஞ்சம் திறந்திருக்க வேண்டுமென்றால் சூடு கொஞ்சம் குறைந்திருக்க வேண்டும். குளிர் கூடினாலோ, கரி மாறினாலோ உலை வேறொரு சூட்டில் போய் நிற்கும். அதைச் சரிசெய்ய ஒருவர் வந்து அந்தத் திருகைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். இரவுக் காவலாளிக்குத் தூக்கம் கிடைத்தது, ஆனால் வேலை போகவில்லை.

அந்தத் திருகைத் திருப்பும் கையைக் கருவிக்குள்ளேயே வைப்பதுதான் தொகைக் கட்டுப்பாடு. நம் ஊர் மளிகைக் கடையின் பாக்கி நோட்டைப் போல. ஒவ்வொரு நொடியும் எவ்வளவு குறை என்று கூட்டிக்கொண்டே போவது. சின்னக் குறையானாலும் தீராமல் நின்றால் பாக்கி ஏறும், பாக்கி ஏறினால் மின்சாரம் ஏறும், குறை தீரும் வரை விடாது. குறை தீர்ந்த பிறகும் நோட்டில் உள்ள தொகை அப்படியே இருக்கும், அதுதான் அந்த 60 சதவீதத்தைத் தொடர்ந்து கொடுக்கும். நிரலில் இதற்கு ஒரே ஒரு வரி. ஆனால் அந்த வரி வர மனிதகுலத்துக்கு முந்நூறு வருடம் ஆனது. தொகையிடும் கணிதத்தை நியூட்டனும் லைப்னிட்ஸும் வகுத்ததே டிரெபல் இறந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான். கப்பலின் சுக்கான் பிடிப்பவர்கள் எப்படித் திசை திருத்துகிறார்கள் என்று கவனித்த நிகோலாஸ் மினோர்ஸ்கி, 1922ல் இதைக் கணிதமாக எழுதினார். 1930களில் காற்றழுத்தத்தால் இயங்கும் தொழிற்சாலைக் கருவிகளில் இது வந்தபோது, அதற்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் தானியங்கி மறு அமைப்பு. அதுவரை கையால் திருப்பிய திருகை இனிமேல் கருவியே திருப்பும் என்று அர்த்தம்.

பாக்கி நோட்டிலும் ஆபத்து உண்டு. ஒரு நாள் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த மாவை அப்படியே உள்ளே வைத்துவிட்டேன். தகடு முழு மூச்சில் எரிந்தும் சூடு ஏற ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை பாக்கி எகிறிக்கொண்டே போயிருக்கிறது. 30ஐத் தொட்ட பிறகும் பழைய பாக்கியை வசூலித்துத் தீர்க்காமல் தகடு அணையவில்லை. காலையில் பார்த்தால் 35ஐத் தாண்டியிருந்தது, மாவு புளித்து வழிந்து கிடந்தது. தகடு ஏற்கெனவே முழு அளவில் எரியும்போது கணக்கை எழுதாதே என்று இன்னொரு வரி சேர்த்தேன். கொடுக்க வழியில்லாதவன் கணக்கில் வட்டி ஏற்றுவது நியாயமில்லையே. அதன் பிறகு பெட்டி 30லிருந்து கால் டிகிரிகூட நகரவில்லை.

* * *

டிரெபலின் கடைசி வருடங்கள் அவ்வளவு நிலையாக இல்லை. 1625ல் ஜேம்ஸ் மன்னர் இறந்தார். அடுத்த மன்னர் சார்ல்ஸின் காலத்தில் பக்கிங்ஹாம் பிரபு அவரைக் கடற்படைக்கு அழைத்தார். பிரான்சின் லா ரோஷெல் துறைமுகத்தில் முற்றுகையில் சிக்கியிருந்த புராட்டஸ்டண்டுகளை மீட்கப் போன படைக்கு, நீரில் மிதந்துபோய் வெடிக்கும் ஆயுதங்களைச் செய்துகொடுத்தார். 1628ல் பக்கிங்ஹாம் கொலை செய்யப்பட்டார். அதே வருடம் லா ரோஷெல் வீழ்ந்தது. வெடிகள் பயன் தரவில்லை, படையெடுப்பு தோற்றது. டிரெபலின் அரசாங்க வேலையும் அதோடு போயிற்று.

மூன்றாவது முறையாக ஆதரவை இழந்தவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. கேம்பிரிட்ஜ் பக்கத்துச் சதுப்பு நிலங்களை வடிக்கும் திட்டம் ஒன்றில் ஈடுபட்டார். கடைசியில் ஒரு பீர்க்கடை நடத்திப் பிழைத்தார். 1633 நவம்பரில் லண்டனில் வறுமையில் இறந்தார். நீருக்கடியில் படகு விட்டவர், மன்னர்களின் விருந்தாளி, கடைசியில் வழிப்போக்கர்களுக்குக் குவளை நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சந்திரனில் ஒரு பள்ளத்துக்கு இன்று அவர் பெயர்.

அவர் உலையைப் பற்றி நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் மருமகன் குடும்பத்தின் வழியாக வந்தது. அவர் இறந்து முப்பது வருடத்துக்குப் பிறகு, 1660களில், லண்டன் வந்த ஒரு பிரெஞ்சுப் பயணி அதைக் குறித்து வைத்தார். 1666ல் நாட்குறிப்பாளர் ஜான் ஈவ்லின், குஃப்லர் ஆரஞ்சு இளவரசரின் படைக்காகச் செய்த, தூக்கிச் செல்லக்கூடிய இரும்பு அடுப்புகளைப் போய்ப் பார்த்தார். அந்தப் பத்தாண்டில் எழுதப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதியில் படமும் இருக்கிறது. ஆகவே அந்தக் கருவியின் எந்தப் பகுதி மாமனாருடையது, எது மருமகன் சேர்த்த மெருகு என்று கோடு கிழிப்பது எளிதல்ல. செய்தவற்றை எழுதி வைக்கும் பழக்கம் டிரெபலுக்கு இல்லை. ரகசியம்தான் அவருக்குச் சோறு போட்டது. எழுதி வெளியிட்டால் அடுத்த மன்னரிடம் எதைக் காட்டுவது? அதன் விலை என்ன என்றால், 1783ல் பாரிஸில் போன்மான் என்பவர் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கு உலோகத்தின் விரிவை வைத்து ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிக்குக் காப்புரிமை வாங்கியபோது, உலகம் அதைப் புதிதாகவே பார்த்தது. டிரெபல் ஒவ்வொரு ஊரிலும் பூஜ்யத்திலிருந்து தொடங்கினார். அவருக்குப் பின் வந்தவர்களும் அப்படியே தொடங்க வேண்டியதாயிற்று. நோட்டில் எழுதாத பாக்கி யாருக்கும் வந்து சேர்வதில்லை.

மென்பொருள் எழுதுகிற எனக்கு இது உறைத்தது. விளக்கக் குறிப்பே இல்லாமல் நான் விட்டுவந்த நிரல்கள் எத்தனையோ. இட்லிப் பெட்டியின் நிரலுக்கு மட்டும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் விளக்கம் எழுதி நண்பர்களுக்கு அனுப்பினேன். இப்போது ஐந்து வீடுகளில் அது ஓடுகிறது.

பெட்டி வேலை செய்கிறது என்று ஊருக்குத் தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். மார்கழி மாதத்தில் அம்மா மாவுப் பாத்திரத்தைச் சாக்கில் சுற்றி அடுப்பு மேடையோரம் வைப்பாள். முந்தின நாள் பொங்கியது போதவில்லை என்றால் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் அடுப்புப் பக்கம் தள்ளி வைப்பாள், மறுநாள் இன்னும் கொஞ்சம். நான்கு நாளில் சரியான இடம் கிடைத்துவிடும். பிறகு குளிர் குறையும் வரை அந்த இடத்தைவிட்டு மாற்ற மாட்டாள். டிரெபலின் உலையில் திருகைத் திருப்பிய கையும் அதைத்தான் செய்தது. என் நிரலின் அந்த ஒரு வரியும் அதைத்தான் செய்கிறது. ஆனால் அம்மா கேட்டது வேறு. இட்லி மிருதுவாக வந்ததா என்று கேட்டாள். வந்தது என்றேன்.

போன மாதம் ஒரு வேலையாக டெல்ஃப்ட் போயிருந்தேன். தேர்வுக்கூடத்துக்கு வெளியே மாணவர்கள் கையில் கால்குலேட்டரோடு பதற்றமாக நின்றுகொண்டிருந்தார்கள். நான் சைக்கிளை நிறுத்தி, சாலைப் பெயர்ப்பலகையைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.